அடுப்பேறாத அமுது

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள் ஆண்டாள். அந்த நேர்த்தியை நிறைவேற்றிவிட்டு ராமாநுஜர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, 'அண்ணா' என்று நாச்சியார் எதிர்கொண்டழைத்தாள் என்பது ஐதிகம். மார்கழி 27-ஆம் நாள், கூடாரவல்லியன்று, இது நினைவுகூரப்படுகிறது.

அக்காரவடிசில் பாலில் நெடுநேரம் குழைய வேண்டும். முதுமையில் அடுப்பருகே நிற்கக் கால்கள் ஒத்துழைப்பதில்லை. பேரக்குழந்தைகளை நெருப்பருகே விடவும் மனம் அஞ்சும். ஆனால், நேர்த்தியின் முதற்பாதியாகிய வெண்ணெயைக் குழந்தைகளே எடுத்துவிடலாம்.

குளிர்பதனப் பெட்டியில் சேர்த்துவைத்த பாலேட்டில் முதல்நாள் இரவு ஒரு கரண்டி தயிர் கலந்து வெளியே வைக்கவும். காலையில் அதை அகன்ற வாயுள்ள பாட்டிலில் பாதியளவு நிரப்பி, சிறிது குளிர்ந்த நீர் சேர்த்து இறுக மூடிக் கொடுத்தால், மாற்றி மாற்றிக் குலுக்குவார்கள். திரண்ட வெண்ணெயைக் குளிர்நீரில் இருமுறை கழுவி உருட்டலாம்.

உடன் வைக்க அவல்: ஒரு கிண்ணம் மெல்லிய அவலில் நீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, அரைக் கிண்ணம் பொடித்த வெல்லம், கால் கிண்ணம் தேங்காய்த் துருவல், ஏலப்பொடி சேர்த்துப் பிசைந்தால் போதும்.

நிவேதனத்துக்கு முன் சுவைக்கலாகாது என்றதும், "ஆண்டாள் மட்டும் மாலையைச் சூடிப் பார்த்தாளே?" என்று பேத்தி கேட்கக்கூடும். கதை சொல்ல அதுவே நல்வேளை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்லும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். அவள் அவதரித்த நந்தவனமும் அங்கே கண்முன் நிற்கும்.