பெயர் தெரியாப் பறவை



எமது ஊர் வளவுகளிலே கூவுகின்ற குயிலை அறியாதார் இலர். ஆயினும், கபில நிற உடலெங்கும் வெண்புள்ளிகள் சிதறக் கிளைகளுக்குள் ஒளிந்திருக்கும் பறவையும் குயிலே, அதுவே பெண்குயில் என்பதை அறிந்தோர் சிலரே. கருங்குயில் ஆண், புள்ளிக்குயில் பெண். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், ரொறன்ரோவில் எம்மைத் திகைக்க வைக்கும் பறவைகள் பலவற்றை நாம் எளிதில் அடையாளங் காணலாம்.

லெஸ்லி வீதியின் தென்முனையிலிருந்து ஒன்ராறியோ வாவிக்குள் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீண்டு கிடப்பது ரொமி தொம்சன் பூங்கா. 1950களின் இறுதி தொடக்கம் நகரத்தின் கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் கொட்டி உருவாக்கிய நிலம் அது. இன்று அங்கே 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. இடிபாடுகளை வேறு விதமாகக் கண்டு வந்த எம்மவர்க்கு இஃது ஆறுதல் தரும் காட்சியே.

ஆனி மாதத்தில் மாணவரை அங்கு அழைத்துச் சென்றால் முதலில் எழும் வினா ஒன்றுண்டு. "சேர், சம்புப் புல்லுக்குள் நிற்கும் அந்தப் பெரிய சிட்டுக்குருவி எது?" கபில நிறம், மார்பெல்லாம் கோடுகள், கண்ணின் மேல் வெளிறிய புருவம். கைநூலிற் சிட்டுக்குருவிகளின் பக்கங்களை எத்தனை முறை புரட்டினும் அது அகப்படாது. அலகைப் பாருங்கள். விதைகளை உடைக்கும் சிட்டுக்குருவியின் அலகு குறுகித் தடித்தது. இதன் அலகோ நீண்டு கூரியது. அடுத்து, அருகில் நிற்பது யார் எனப் பாருங்கள். சிவந்த தோள்களையுடைய கரிய பறவையொன்று அங்கே உரத்துக் கத்தும். சில வேளைகளில் எம் தலையை நோக்கிப் பாய்ந்தும் வரும். அது செந்தோட் கரும்பறவையின் ஆண். தன் கூட்டைக் காக்கவே அது சீறுகிறது. நாம் சிட்டுக்குருவி என்றது அதன் பெண்ணையே!

வயதும் இவ்வாறே ஏமாற்றும். இளம் றொபினின் மார்பிற் கரும்புள்ளிகள் இருக்கும். ஹெரிங் கடற்காகம் முதலாண்டிற் கபில நிறமாயிருந்து, வெண்மையும் சாம்பலுமான முழுவளர்ச்சிக் கோலத்தை அடைய நான்கு ஆண்டுகள் செல்லும்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இங்கு வந்து குடியேறிய ஆங்கிலேயர், செம்மார்பைக் கண்டு, தம் தாய்நாட்டுப் பறவையின் நினைவில் றொபின் எனப் பெயரிட்டனர். உண்மையில் இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எம் தாய்மாருட் சிலர் புற்றரையில் நடந்து திரியும் ஸ்ரார்லிங் பறவையை மைனா என்கின்றனர். பிள்ளைகள் சிரிக்கின்றார்கள். சிரிக்க வேண்டியதில்லை, ஸ்ரார்லிங்கும் மைனாவும் ஒரே குடும்பத்தனவே. அந்த ஆங்கிலேயரிலும் பார்க்க அம்மா உண்மைக்குக் கிட்ட நிற்கிறார்.

இக்காலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வுகூடம் வெளியிட்ட மேர்லின் என்னும் செயலி, பறவையின் குரலைக் கேட்டே பெயரைச் சொல்லிவிடுகிறது. நல்ல துணைதான். எனினும் அது தருவது ஊகமே; கண்ணாற் கண்டு உறுதி செய்தல் எம் பொறுப்பு. கைத்தொலைபேசியை எடுக்குமுன் பறவையையே இரண்டு நிமிடம் பாருங்கள். றொபினிலும் பெரிதா சிறிதா, அலகு எத்தகையது, நிலத்திலா கிளையிலா இரை தேடுகிறது என்பவற்றைக் கொப்பியிற் குறியுங்கள். பெயரைத் தேடுவதற்கு வீட்டில் நேரமுண்டு.

ஆவணி, புரட்டாதி மாதங்களில் தெற்கே திரும்பும் சின்னஞ்சிறு வார்பிளர் பறவைகள் பல, வசந்தகால வண்ணங்களை இழந்து மங்கிய பச்சையும் மஞ்சளுமாய் ஒன்றுபோலத் தோன்றும். பழக்கமுள்ளோரும் அப்போது தடுமாறுவர். அந்நாட்களில் ஒரு மாணவர் தம் கொப்பியில் "பெயர் தெரியவில்லை" என எழுதியிருப்பினும், அலகும் நிறமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தால், நான் முழுப்புள்ளி வழங்குவேன்.