கசிவை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

(இறுதியாண்டு, எந்திரவியல் துறை)



பைப் லைன் போட்டு முடித்ததும் நாம் என்ன செய்வோம்? வால்வை மூடி, தண்ணீரை ஏற்றி, பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முள் இறங்கினால் எங்கோ லீக்! பிரித்து, மறுபடி மாட்டிவிடலாம். ஆனால் மனித வயிற்றைத் தைத்து மூடிய பிறகு, உள்ளே ஓர் உறுப்பு கசியப்போகிறதா என்று டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனையும் கணையத்தையும் வைத்து இதைப் பார்ப்போம்.

இரைப்பையை வெட்டினால் கணையத்துக்கு என்ன?

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருப்பது கணையம். நீளம் சுமார் 15 செ.மீ. மாவுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என்று உணவைக் கரைக்கும் சரக்கெல்லாம் இங்கேதான் தயாராகிறது.

1881-ல் வியன்னா நகரில் பில்ராத் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய் தாக்கிய இரைப்பைப் பகுதியை முதன்முதலாக வெற்றிகரமாக வெட்டியெடுத்தார். இரைப்பையை மட்டும் எடுத்தால் போதாது, நோய் பரவும் நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும் என்பது பிறகு புரிந்தது. சிக்கலே இங்குதான்! அந்தக் கணுக்களில் பல, கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஓடும் ரத்தக் குழாய்களின் மேல் இருக்கின்றன. அவற்றை எட்ட கணையத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். சூடாகி வெட்டும் கருவியும் பக்கத்திலேயே வேலை செய்யும். கணையத்தில் கத்தியே படாவிட்டாலும் அது நசுங்கலாம், சூடு படலாம்.

அப்படிக் கசிந்த நீர் சும்மா இருக்குமா? சோற்றையும் கறியையும் கரைப்பது நம் சதையை மட்டும் விட்டுவிடுமா? கணுக்களை எடுத்த இடத்தில் ரத்தக் குழாய்கள், இன்சுலேஷன் சீவிய ஒயர் மாதிரி வெறுமையாக நிற்கின்றன. அவற்றின் சுவர் அரிக்கப்பட்டு, சில நாள் கழித்துத் திடீரென ரத்தம் பீறிட்டால் உயிருக்கே ஆபத்து.

அனுபவம் சொன்ன பாடம்

ஹாலந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1995-ல் வெளியானது. கணுக்களைக் குறைவாக எடுத்தவர்களில் 100-க்கு 4 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். விரிவாக எடுத்தவர்களில் 10 பேர்! விரிவான ஆபரேஷனில் பலருக்கு மண்ணீரலையும் கணையத்தின் வால் பகுதியையும் சேர்த்து எடுத்தது ஒரு முக்கியக் காரணம். பிறகு, தேவையில்லாமல் அவற்றைத் தொடாமல் விடும் முறை வளர்ந்தது. 505 நோயாளிகளை வைத்து ஜப்பானில் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. மண்ணீரலை எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 30 பேருக்குச் சிக்கல் வந்தது. விட்டுவைத்தவர்களில் சுமார் 17 பேருக்குத்தான். ஆயுளிலும் எடுத்ததால் லாபம் கிடைக்கவில்லை.

எப்படி முன்கூட்டிச் சொல்வது?

ஆபரேஷனுக்கு முன்பே சில அடையாளங்கள் உண்டு. ஆண்களுக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் அபாயம் கூடுதல். கொழுப்புக்கும் கணையத்துக்கும் எல்லை தெரியாமல் போவதும் ஒரு காரணம். கணையம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் அதிகம் அழுத்த வேண்டிவரும் என்பதை ஸ்கேனிலேயே அளந்து பார்க்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே ஒரு டிரெயின் குழாய் வைப்பதுண்டு. அதில் வடியும் நீர்தான் நம்ம பிரஷர் கேஜ்! மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அதிலுள்ள அமைலேஸ், ரத்தத்தின் இயல்பு உச்ச அளவைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால் அது கசிவு என்று 2005-ல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது. உச்ச அளவு 100 யூனிட் என்றால் 300-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் எண் மட்டும் ஏறி, நோயாளிக்கு ஒரு தொல்லையும் இல்லை என்றால், அதைச் சிக்கலாகக் கணக்கிட வேண்டாம் என்று 2016-ல் திருத்தினார்கள்.

மூன்று நாள் காத்திருக்காமல் முதல் நாள் அளவை வைத்தே கணிக்கும் முயற்சிகளும் உண்டு. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம் (எண்கள் உதாரணத்துக்குத்தான்). 100 பேரில் 5 பேருக்குக் கசிவு வரப்போகிறது. டெஸ்ட் அதில் 4 பேரைப் பிடிக்கிறது. மீதி 95 பேரில் 19 பேருக்கும் சும்மாவே மணி அடிக்கிறது. ஆக மணி அடித்தது 23 பேருக்கு. உண்மை 4 மட்டுமே! மணி அடிக்காத 77 பேரிலோ 76 பேர் பத்திரம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அளவு உயர்ந்தால் அது தீர்ப்பு அல்ல, "கவனி" என்ற எச்சரிக்கை. அளவு தாழ்ந்திருந்தால்தான் அதிகப் பயன்: தைரியமாகக் குழாயை எடுக்கலாம். குழாய் அதிக நாள் கிடந்தால் அதன் வழியே கிருமி ஏறும். அவசரப்பட்டு எடுத்தால் கசிவு உள்ளேயே தேங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கத்தான் கணிப்பு.

நண்பர்களே! இது டாக்டர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அமைலேஸை அளக்கும் அனலைசர், ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் ஒரு கருவிதான். அதன் காலிபரேஷன் தவறினால் கட்டிலில் கிடப்பவரின் குழாய் தவறான நாளில் எடுக்கப்படும். நாளை அதைப் பராமரிக்கப் போவது நம்மில் ஒருவராகவும் இருக்கலாம். லேபில் ரீடிங் எடுக்கும்போது "கிட்டத்தட்ட இருக்கும்பா" என்று எழுதாமல், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்!