உரிமப் புத்தகம் முதல் ‘ஆர்’ எண் வரை

1970-களில் வீட்டில் ரேடியோ இருந்தால் கூடவே ஒரு சின்னப் புத்தகமும் இருந்தாக வேண்டும். அஞ்சலகத்தில் கொடுக்கும் லைசென்ஸ் புத்தகம் அது. உரிமையாளர் பெயர், விலாசம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தபால் ஆபீஸுக்குப் போய்ப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதையே குற்றம் என்றது 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். சினிமாப் பாட்டுக் கேட்கிறவருக்கும் அது பொருந்தியது. 1980-களின் நடுவில்தான் இந்த லைசென்ஸ் ஒழிந்தது.

அந்தக் கட்டுப்பாடு விசாரித்தது ஒன்றைத்தான்: கருவி யாரிடம் இருக்கிறது? பெட்டிக்குள் ஒயர் ஒழுங்காகப் போயிருக்கிறதா, தொட்டால் ஷாக் அடிக்குமா என்று அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் கேட்டதில்லை. தெருமுனைக் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய செட் புகைந்தால் அது வாங்கியவர் பாடு.

இன்று சட்டைப் பையில் இருக்கும் கைபேசி, அலையை வாங்குவது மட்டுமல்ல, அனுப்பவும் செய்கிறது. 1933 சட்டத்தின் கணக்கில் ரேடியோவைவிடப் பெரிய விஷயம். ஆனாலும் அதற்காக யாரும் தபால் ஆபீஸில் வரிசையில் நிற்பதில்லை. அந்த வரிசை தொழிற்சாலை வாசலுக்கு இடம் மாறிவிட்டது. அது அங்கே நிற்கிறது என்பதற்கு அடையாளம்தான் போனிலும் சார்ஜரிலும் பெட்டியிலும் இருக்கும் பொடி எழுத்துக் குறிகள்.

முதல் ஐபோனைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொடி எழுத்து நினைவிருக்கும். அமெரிக்காவின் எஃப்சிசி குறி, ஐரோப்பாவின் சிஇ குறி, குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டி. ஒன்று, இந்தக் கருவி மற்ற அலைவரிசைகளைக் கெடுக்காது என்று சொன்னது. இன்னொன்று, ஐரோப்பிய விதிகளுக்கு இது பொருந்துகிறது என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்பதைச் சொன்னது. மூன்றாவது, இதைச் சாதாரணக் குப்பையில் போடாதே என்றது. வழவழப்பான பின்பக்கத்தில் இந்த எழுத்துகள் கண்ணை உறுத்தின. 2014 நவம்பரில் அமெரிக்காவில் வந்த ‘இ-லேபிள்’ சட்டம், இவற்றை உடம்பில் பொறிக்காமல் திரையிலேயே காட்டலாம் என்று வழிவிட்டது. ஐபோனில் அமைப்புகளுக்குள் நுழைந்து சட்டம், ஒழுங்குமுறை என்ற பகுதிக்குப் போனால் நாடு வாரியாகக் குறிகள் வரிசையாக வரும். அங்கே எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

குறி கண்ணுக்கு மறைந்ததால் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். நடந்தது நேர் எதிர். அதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம்.

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விட்டது. பிஎல்-5சி பேட்டரிகளில், 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா நிறுவனம் செய்து கொடுத்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம் என்றது. நோக்கியா செட் இல்லாத வீடு குறைவாக இருந்த காலம். நோக்கியாவின் ஆலையே ஸ்ரீபெரும்புதூரில் ஓடிக்கொண்டிருந்தது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, அதன் முதுகில் இருந்த 26 இலக்க எழுத்துக் கோவையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்கள் ஜனங்கள். நம்முடையது அந்தப் பட்டியலில் வருகிறதா என்று கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கம்பெனி தானாக முன்வந்தது, பேட்டரியை மாற்றியும் கொடுத்தது. ஆனால் கைபேசி பேட்டரி இன்ன சோதனையில் தேறித்தான் கடைக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் அன்று இந்தியாவில் இல்லை. கம்பெனி நல்ல கம்பெனியாக இருந்தால் பிழைத்தோம் என்பதே நிலைமை.

நல்ல கம்பெனி இல்லாதவை எப்படி இருந்தன என்பதற்கு ‘சைனா செட்’ சாட்சி. இரண்டு சிம், தெருவே கேட்கும் ஸ்பீக்கர், பாட்டுக்கு ஏற்ப மின்னும் விளக்கு. விலையோ பிராண்டு போனில் பாதிகூட இல்லை. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் சக்கைப்போடு போட்டது. பில் கிடையாது, வாரண்டி கிடையாது. பல செட்டுகளில், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் கிடையாது. *#06# அடித்தால் வெறும் சுழிகள் வரும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் போனில் இருக்கும் அதே எண் வரும். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அரசு இதைக் கையில் எடுத்தது. ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. அப்படிப்பட்ட போன்கள் 2.5 கோடி இருக்கும் என்று அப்போது செய்திகள் வந்தன. எண் இல்லாதவர்கள் கடைக்குப் போய் 199 ரூபாய் கொடுத்து எண்ணைப் பதித்துக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு நடந்தது. செட்டை விற்றவர் யார் என்று யாரும் தேடவில்லை. வாங்கியவர்தான் வரிசையில் நின்றார், வாங்கியவர்தான் பணம் கட்டினார். ரேடியோ காலத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை.

திருப்பம் வந்தது 2012-ல். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் கைபேசிக் கதிர்வீச்சுக்கு இந்தியா வைத்த வரம்பு இறுகியது. ஒரு கிராம் உடல் திசு உள்வாங்கும் அளவைச் சராசரியாக எடுத்தால் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் அளவும் இதுவே. *#07# அடித்தால் திரையில் வருவதும், பெட்டியில் ‘எஸ்ஏஆர்’ என்று அச்சிட்டிருப்பதும் இந்தக் கணக்குத்தான். அதே ஆண்டு அக்டோபரில் மின்னணுப் பொருட்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை வெளியானது. முதலில் 15 வகைப் பொருட்கள். பின்னால் கைபேசி, பேட்டரி, பவர் பேங்க் எனப் பட்டியல் நீண்டது. பதிவு பெற்ற தொழிற்சாலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும். குக்கரிலும் இஸ்திரிப் பெட்டியிலும் ஐஎஸ்ஐ முத்திரை தேடிப் பழகிய நமக்கு, இது அதன் தம்பி.

கையருகே இருக்கும் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு இருக்கிறது, அதனால் எர்த் பின் தேவையில்லை என்று பொருள். வீட்டுப் படம் இருந்தால் மழை படும் இடத்தில் வைக்காதே என்று அர்த்தம். ரோமன் எழுத்தில் ஐந்து அல்லது ஆறு போட்டிருந்தால் அது மின்சாரச் சிக்கனத்தின் படிநிலை. ஆறாம் நிலைச் சார்ஜர் போன் இல்லாமல் சுவரில் சும்மா செருகியிருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. அதன் பக்கத்திலேயே அந்த ‘ஆர்’ எண்.

இந்தக் குறிகளுக்குப் பின்னால் இருப்பது ஆய்வகத்தில் நடக்கும் முரட்டுத்தனமான வேலை. சுவரிலிருந்து 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும், நம் விரல் படும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் 3,000 வோல்ட்டைச் செலுத்திப் பார்ப்பார்கள். காப்பு உடையக் கூடாது. அரைக் கிலோ எஃகுக் குண்டை 1.3 மீட்டர் உயரத்திலிருந்து கூட்டின் மீது போடுவார்கள். உள்ளே இருக்கும் மின் பாகம் வெளியே தெரியக் கூடாது. சர்க்யூட் போர்டில் இரண்டு பக்கத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். நூறு ரூபாய்ச் சார்ஜரில் மிச்சம் பிடிப்பது இந்த இடைவெளியிலும் காப்பிலும்தான். 2016-ல் பிரிட்டனின் வணிகத் தர அதிகாரிகள் சங்கம், பல நாடுகளிலிருந்து இணையத்தில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதிக்க வைத்தது. ஷாக் அடிக்காமல் காக்கும் அளவுக்குக் காப்பு இருந்தவை மூன்றே மூன்று. கட்டுப்பாடு வீண் செலவு என்று சொல்கிறவர்களிடம் மிச்சமிருக்கும் 397-ஐ என்ன செய்வது என்று கேட்கலாம்.

ஆனால் அந்த 397-லும் குறிகள் அச்சாகியிருக்கலாம் என்பதுதான் சங்கடம். மை எல்லோரிடமும் இருக்கிறது. ரிச்சி தெருவில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லியே விற்கும் சார்ஜரில் சிஇ இருக்கும், குப்பைத் தொட்டி இருக்கும், ‘ஆர்’ எண்ணும் இருக்கும். ஐஎம்இஐ-யின் கதையும் இதேதான். 2009-ல் அவ்வளவு அமளி செய்து கொண்டுவந்த எண், 2020-ல் மீரட்டில் போலீஸ் தோண்டியபோது ஒரே எண்ணாக 13,000-க்கும் மேற்பட்ட போன்களில் இருந்தது தெரியவந்தது. எண்ணைக் கேட்ட அரசு, அது ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறதா என்று சரிபார்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

பெரிய கம்பெனியின் உண்மையான முத்திரையும் எப்போதும் காப்பாற்றிவிடுவதில்லை. 2020-ல் வந்த ஐபோன் 12, எல்லா நாட்டுக் குறிகளோடும்தான் விற்றது. பிரான்சின் அலைவரிசை முகமையான ஏஎன்எஃப்ஆர், ஆய்வகச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாமல் கடையில் விற்கும் போனையே எடுத்துச் சோதித்தது. கையில் பிடித்திருக்கும்போதும் கால்சட்டைப் பையில் இருக்கும்போதும் எஸ்ஏஆர் கிலோவுக்கு 5.74 வாட் காட்டியது. கை கால்களுக்கான ஐரோப்பிய வரம்பு 4 வாட். 2023 செப்டம்பர் 12-ஆம் தேதி விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆப்பிள் முதலில் மறுத்தது. பிறகு பிரான்சுக்கென்று மென்பொருளைத் திருத்தி அனுப்பியது. அந்த வரம்பே ஆபத்தான அளவுக்கு வெகு கீழே வைக்கப்பட்டது என்பதால் யாருக்கும் உடனடிக் கேடு இல்லை. ஆனாலும் மூன்று வருடமாகக் கடையில் இருந்த ஒரு போனின் தவறைப் பிடித்தது அதன் முதுகில் இருந்த குறி அல்ல, கடையிலிருந்து எடுத்துவந்து அளந்த கை.

கட்டுப்பாடு பலித்த இடமும் ஒன்று உண்டு, அது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பழைய நோக்கியாவுக்கு முதலில் தடித்த முனை, பிறகு ஊசி முனை. சாம்சங்குக்கு ஒரு தினுசு, சோனி எரிக்சனுக்கு வேறு. ஊருக்குப் போய்ச் சார்ஜரை மறந்துவிட்டால் அதே கம்பெனி போன் வைத்திருக்கும் உறவினரைத் தேட வேண்டும். 2009-ல் ஐரோப்பிய ஆணையம் கம்பெனிகளை உட்கார்த்திப் பேசி, மைக்ரோ யுஎஸ்பி-க்கு மாற ஒப்பந்தம் போட்டது. அது கட்டாயமில்லை என்பதால் ஆப்பிள் தன் முனையையே வைத்துக்கொண்டது. பேச்சு போதவில்லை என்று 2022-ல் சட்டமே வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கைபேசிகளுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். கெடுவுக்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15 அந்த முனையோடு வந்துவிட்டது. தூக்கி எறிந்த, பயன்படாத சார்ஜர்கள் மட்டும் ஐரோப்பாவில் வருடத்துக்கு 11,000 டன் குப்பை என்பது ஆணையம் போட்ட கணக்கு. அங்கே போட்ட சட்டத்தால் இங்கே நம் மேசை இழுப்பறையிலும் ஒயர் குறைந்தது.

இதற்கெல்லாம் ஒரு விலையும் இருக்கிறது. ஒரே போனை ஒவ்வொரு நாட்டு ஆய்வகத்திலும் புதிதாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிக்கு அது சில்லறைச் செலவு. கோவையிலோ நொய்டாவிலோ சிறியதாகத் தொடங்குகிறவருக்கு முதலிலேயே கழுத்தைப் பிடிக்கும். இந்தியாவிலேயே மின்னணுத் துறை ஒரு சான்றையும், தொலைத்தொடர்புத் துறை இன்னொரு சான்றையும் ஒரே பொருளுக்குக் கேட்டதில் தொழில்துறை திணறியது. இரட்டை வேலை வேண்டாம் என்று பின்னர் கைபேசிகளுக்கு விலக்குத் தர வேண்டிவந்தது. கூடுதல் காகிதம் கூடுதல் பாதுகாப்பு ஆகிவிடாது.

விலையை விடவும் கவனிக்க வேண்டியது, கட்டுப்பாடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனின் ஐஎம்இஐ-யைக் கொடுத்து முடக்கலாம். வாங்கப்போகும் பழைய போன் திருட்டுப் போனா என்றும் பார்த்துக்கொள்ளலாம். வேண்டுகிறவர் போய்ப் பயன்படுத்தும்வரை நல்ல ஏற்பாடு. 2025 நவம்பர் இறுதியில் அதன் செயலியைப் புதிய போன்கள் எல்லாவற்றிலும் முன்பே பதித்து விற்கச் சொல்லி உத்தரவு போனது. தனியுரிமை என்ன ஆகும் என்று நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, டிசம்பர் முதல் வாரத்திலேயே கட்டாயத்தை அரசு விலக்கிக்கொண்டது. எண்ணை ஒழுங்காகப் பதிக்காத தயாரிப்பாளரைப் பிடிப்பது ஒரு வேலை. வாங்கியவர் சட்டைப் பைக்குள் ஓர் அரசுச் செயலியை வைப்பது வேறு வேலை. பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் இரண்டும் வருவதால் கலந்துபோகின்றன.

ஆகவே அரசுக் கட்டுப்பாடு தேவையா என்ற கேள்விக்கு மொத்தமாக ஆம், இல்லை என்று சொல்வதில் பயனில்லை. செய்தவரைப் பொறுப்பாக்கும் விதி தேவை. சார்ஜருக்குள் 5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று வாங்குகிறவர் எவராலும் கடையில் நின்று பார்க்க முடியாது. வைத்திருப்பவரைக் கண்காணிக்கும் விதியை மட்டும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைத்துக் காரணம் கேட்க வேண்டும்.

செய்தவரைப் பொறுப்பாக்குவதிலும் பதிவோடு வேலை முடிந்துவிடக் கூடாது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த இணைய விற்பனைக் கிடங்குகளுக்குள் தர அமைவன அதிகாரிகள் புகுந்து, உரிய முத்திரை இல்லாத பொருட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இப்படிப்பட்ட வேலை வருடம் முழுக்க நடக்க வேண்டும், முத்திரை உள்ள பொருளையும் எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் ‘ஆர்’ எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்த எண், பதிவு நடப்பில் இருக்கிறதா என்று சொல்கிறது. கடையிலிருந்து கடைசியாக எடுத்துச் சோதித்தபோது அந்தச் சார்ஜர் தேறியதா என்பதையும் அதே இடத்தில் சொல்லட்டும். கைபேசிகளை அளந்த முடிவுகளைப் பிரெஞ்சு முகமை மாடல் வாரியாக வெளியிடுகிறது. நம்மாலும் முடியாத காரியம் அல்ல. அந்த விவரம் கைக்கு வந்தால், பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கி வாசிக்க நமக்கும் ஒரு காரணம் இருக்கும்.