பல்லக்கில் போன படக்காரர்கள்

உங்கள் ஊர் 200 வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தது? பாட்டியைக் கேட்டால், அவருடைய பாட்டி சொன்ன வரைக்கும் சொல்வார். அதற்கு மேல் தெரியாது. அப்போது புகைப்படமும் கிடையாது.

ஆனால் கல்கத்தாவுக்குப் படம் இருக்கிறது. 12 படங்கள். 1786 முதல் 1788 வரை வரைந்து அச்சிட்டவை. வரைந்தவர் தாமஸ் டேனியல். கூட இருந்தவர் அண்ணன் மகன் வில்லியம்.

தாமஸ் இங்கிலாந்துக்காரர். 1749இல் பிறந்தார். அப்பா சத்திரம் நடத்தினார். தாமஸ் முதலில் கற்ற தொழில் கோச்சு வண்டிக்கு வர்ணம் அடிப்பது. பிறகு ஓவியம் படித்தார். மலை, ஆறு, மரம், கட்டடம் என்று வரைந்தார். அங்கே பிழைப்பு சுலபமாக இல்லை. 1785இல் வில்லியமை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். பையனுக்கு வயது 16தான். சீனா வழியாக அடுத்த வருடம் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

ஒரே படத்தைப் பல பிரதிகள் போடுவது அன்று லேசான வேலை அல்ல. செம்புத் தகடு வேண்டும். அதன் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டுவார்கள். தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டைத் திராவகத்தில் போடுவார்கள். தூளுக்கு இடையே உள்ள செம்பைத் திராவகம் அரிக்கும். அதிகம் அரித்த இடத்தில் மை அதிகம் தங்கும், அங்கே கறுப்பு. வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் முன்பே வார்னிஷ் பூசிவிடுவார்கள். அச்சடித்த பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வர்ணம்.

இதையெல்லாம் தாமஸ் கல்கத்தாவிலேயே செய்தார். நம் நாட்டு வேலைக்காரர்களின் துணையோடுதான் செய்தார். படங்களில் தாமஸின் பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை.

அந்த 12 படங்களில் பழைய கோர்ட்டுக் கட்டடம் ஒன்று. 1792இல் அதை இடித்துவிட்டார்கள். சித்பூர் சாலையில் கோவிந்தராம் மித்ரா கட்டிய உயரமான கோயிலும் உண்டு. அந்த உயரக் கோபுரம் இன்று இல்லை. படத்தில் மட்டும் நிற்கிறது.

1788இல் இருவரும் கங்கையில் படகேறி வடக்கே போனார்கள். இமயமலையில் கார்வால் வரை போய், 1791இல் திரும்பினார்கள். கையில் பணம் இல்லை. வரைந்த ஓவியங்களை லாட்டரி போட்டு விற்றார்கள்! அந்தப் பணத்தில் நம் பக்கம் கிளம்பினார்கள்.

1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து பல்லக்கில் புறப்பட்டார்கள். திப்பு சுல்தானோடு கம்பெனி நடத்திய போர் அப்போதுதான் முடிந்திருந்தது. போர் நடந்த மலைக்கோட்டைகளைப் பார்க்க வெள்ளைக்காரர்களுக்கு ஆசை. படம் விலைபோகும். ஆகவே ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் கோட்டைகளை வரைந்தார்கள். திருச்சி மலை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை, பாபநாசம் அருவி எல்லாம் வரைந்தார்கள். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறதே, வளையலும் பாத்திரமும் தையல் மிஷினுமாக வெகுகாலம் கடைகள் இருந்த இடம், அதையும் விடவில்லை.

அளவு பிசகாமல் வரைய ஓர் இருட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒரு கண்ணாடி வில்லை இருக்கும். எதிரே உள்ள காட்சி அதன் வழியாகத் தாளில் விழும். கோடு இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டடத்துக்கு இது பொருந்தும். ஆட்களுக்கு? டேனியல் படங்களில் நம் மக்கள் சின்னதாக, ஓரமாக நிற்பார்கள். வானம் பெரியது, கோயில் பெரியது. 1770இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்து ஏராளமான பேர் மாண்டார்கள். 16 வருடம் கழித்து வந்தவரின் படங்களில் அந்தத் துயரத்தின் சாயல்கூட இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் கேட்டது அழகான காட்சியைத்தான்.

1794இல் இருவரும் ஊர் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். வில்லியம் 1837இலும், தாமஸ் 1840இலும் இறந்தார்கள்.

அவர்களுடைய ஓவியங்கள் பல இன்று கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கின்றன. டிக்கெட் வாங்கி யாரும் பார்க்கலாம். போனால், ஓரத்தில் நிற்கும் அந்தச் சின்ன ஆட்களையும் கிட்டப் போய்ப் பாருங்கள்.