புதுப் பெயிண்ட் வாசனை

கவுன்சில் அதிகாரியின் கார் டிக்கிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்! இரண்டு டார்ச், மடக்கு ஏணி, லேசர் அளவுகோல், நாய் வளர்க்கும் வீடுகளுக்காக ஒரு பொட்டலம் நாய் பிஸ்கட், பாதி தின்ற சாண்ட்விச். கிழக்கு லண்டனில் என் சிநேகிதிக்கு இந்த டிக்கிதான் ஆபீஸ். வாடகை வீடு மனிதர் குடியிருக்க லாயக்கா என்று பார்த்துச் சொல்வது உத்தியோகம். மாதக்கணக்கில் நச்சரித்து, குடியிருப்பவர்களிடமும் சம்மதம் வாங்கி, 'எதையும் தொடாதே' என்ற நிபந்தனையோடு ஒருவழியாகத் தொற்றிக்கொண்டேன்.

ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு பழைய வரிசை வீடு. கீழே ஒரு தம்பதி, மாடியில் மூன்று பேர். வாசலிலேயே சிக்கல். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ பிள்ளை" என்கிறார் யாழ்ப்பாணத்து அம்மா. உள்ளே சாமிப் படம், ஊதுபத்தி. அதிகாரியோ பாதுகாப்பு பூட்ஸைக் கழற்றக் கூடாது. சட்டைப்பையிலிருந்து நீல பிளாஸ்டிக் உறைகள் வெளிவந்தன. பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆஸ்பத்திரியிலை போடுறதுதானே, அது சரி."

"வாசனை வருதா?" என்று சிநேகிதி கிசுகிசுத்தார். புதுப் பெயிண்ட்! சோதனைக்கு வருவதை 24 மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அந்த ஒரு நாளில் லண்டனில் எத்தனை சுவர்கள் வெளுத்தனவோ! "ராத்திரி பத்து மணிக்கு வந்து அடிச்சவர்" என்று அம்மா போட்டுக்கொடுத்தார்.

ஈரமானியின் இரட்டை ஊசி சுவரில் இறங்கியதும் 'பீப்'. அடுத்து அலமாரி. எதையும் தொடாதே என்றவரே "அந்தப் பக்கம் பிடி" என்றார். மூச்சுப் பிடித்து நகர்த்தினோம். பெயிண்ட் அலமாரியின் விளிம்போடு நின்றிருந்தது. பின்னால் ஓதம் ஏறிய சுவரில் தோசைக்கல்லின் அடிபோலக் கன்னங்கரேலென்று பூஞ்சணம். நான் தும்மிய தும்மலில் ஊதுபத்தி அணையாததுதான் அதிசயம்.

"நாங்கள் சோறு சமைக்கிறதாலையும் உடுப்பு உள்ளுக்குக் காயப்போடுறதாலையும்தான் வருதாம்" என்றார் அம்மா. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சிநேகிதியின் முகம் மாறிவிட்டது. ராச்டேலில் 2020 டிசம்பரில் இறந்துபோன இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெற்றோரிடமும் வாழும் முறையைத்தான் குறை சொன்னார்கள். பூஞ்சணம்தான் காரணம் என்று பிறகு மரண விசாரணை சொன்னது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபரில் சமூக வீடுகளுக்கு மட்டும் நடைமுறையாகியிருக்கிறது. இது தனியார் வீடு.

படியேறும்போது கைப்பிடியை ஓர் உலுக்கு. ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா என்று கன்னத்தை வைத்து ஒரு சோதனை. இதற்குக் கருவி வேண்டாமாம், கன்னம்தான்! கூரையில் இருந்த புகை அலாரத்தை அழுத்தினால் சத்தமே இல்லை. பேட்டரி எங்கே? டிவி ரிமோட்டுக்குள். "பொரிச்சாக் கத்துது தம்பி, என்ன செய்யிறது?"

சாய்ந்த கூரைக்கு அடியில் ஓர் அறை. இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மதுரைப் பையன், போர்வை மேல் ஊர்ந்த சிவப்பு லேசர் புள்ளியைப் பார்த்துத் துள்ளி எழுந்தான். பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெரியவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். கூரை 1.5 மீட்டருக்கும் கீழே சரிந்த இடம் கணக்கில் சேராது. பாதி அறை அங்கேயே போச்சு! "குனிஞ்சே பழகிருச்சுக்கா" என்றான். அடுத்த கேள்விதான் சங்கடம்: "ரூமைப் பூட்டிருவாங்களா?" அவகாசம் உண்டு என்று சிநேகிதி சொன்னார். சொன்ன விதத்தில் அவருக்கே திருப்தியில்லை.

கிளம்பும்போது அம்மா ஒரு வடைப் பொட்டலத்தை நீட்டினார். "ஐயோ அன்ரி, நான் வாங்கக் கூடாது." அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி கவுன்சில் இல்லைத்தானே?"

காரில் உட்கார்ந்து கணக்கு. மொத்தம் 29 வகை ஆபத்துகளில் இந்த வீட்டில் எவை, எவ்வளவு என்று மதிப்பெண். ஏதாவது ஒன்று 1000-ஐத் தொட்டால் கவுன்சில் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. "இங்கே குழந்தையே கிடையாதே?" என்று கேட்டேன். "இருக்கிற மாதிரி நினைச்சுத்தான் போடணும். ஓதம்னா 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு என்ன ஆகும்னு பார்க்கணும். நாளைக்கு யார் குடிவருவாங்கன்னு தெரியுமா?" இல்லாத அந்தப் பிள்ளைக்காக அவர் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனார்.

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். கார் முழுக்க வடை வாசனை. அவர் பேனாவை எடுக்காமலே இடது கையால் கண்ணாடியை இறக்கிவிட்டார்.