முருகைப் பாறையும் மீன்வளமும்



கண்டி மாநகரிலிருந்து எத்திசையிற் சென்றாலும் கடற்கரையை அடையச் சில மணி நேரப் பிரயாணம் வேண்டும். ஆயினும் கடலின் விளைபொருள் நாள்தோறும் நம்மைத் தேடி வருகின்றது. பனிக்கட்டியிட்டுக் கரையோரப் பட்டினங்களிலிருந்து நமது சந்தைக்கு வரும் மீன்களுள் கலவாய், விளைமீன், ஓரா முதலியன முருகைக்கற் பாறைகளை அண்டி வாழ்பவை. ஆதலின் அப்பாறைகளின் நலிவும் காப்பும் மலைநாட்டவராகிய நமக்கும் உரிய விடயங்களேயாம்.

முருகைக்கல் பெயரளவிலேதான் கல். உண்மையில் அது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய மாளிகை. அவ்வுயிர்களின் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும் பங்கைத் தம்மைத் தாங்கும் உயிருக்கு அளிக்கின்றன. எனவே ஒளி புகும் தெளிந்த நீரிலேதான் முருகை செழிக்கும்.

இங்கு வாழும் மீன்களுக்கு வெவ்வேறு கடமைகள் உள. கிளிமீனும் ஓராவும் பாறையிற் படரும் பாசியை மேய்கின்றன. அவற்றை அளவின்றிப் பிடித்துவிட்டால் பாசி தழைத்துப் பாறையை மூடும். இளம் முருகை பற்றி வளர இடமிராது. கலவாயின் நிலை வேறு. அவ்வினத்திற் பல மீன்கள் முதலிற் பெண்ணாயிருந்து, பருத்த பின்னரே ஆணாக மாறும். பெரிய மீன்களையே தேடிப் பிடிக்கும்போது ஆண் மீன்கள் அருகிப்போகின்றன. அன்றியும், சிறிய பெண் மீன் பல சேர்ந்து இடும் முட்டைகளைப் பெரிய மீன் ஒன்றே இட வல்லது. வெடிவைத்துப் பிடித்தலோ மீனையும் அதன் வீட்டையும் ஒருங்கே அழிக்கின்றது. வெடியையும் நஞ்சையும் மீன்பிடிக்குப் பயன்படுத்துதலை 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடைசெய்துள்ளது.

நமது நாட்டிலே நிலாவெளிக்கு அண்மையிலுள்ள புறாத்தீவு 1963இற் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. இக்கடுவைக் கடல் 1979இலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் பாறை 1992இலும் சரணாலயங்களாயின. இக்கடுவை 2002இற் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பாக்கு நீரிணைக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகள் 1986இற் கடற் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

கண்டியார் இதனை எளிதில் உணரலாம். நகரின் மேலே நிற்கும் உடவத்தைக் காட்டில் ஒருவரும் விறகு வெட்டலாகாது. அங்கு பெருகும் பறவைகளோ வேலியை மதியாது சுற்றுப்புறத் தோட்டங்களுக்கும் பறந்து வருகின்றன. காக்கப்பட்ட பாறையிற் பெருகும் மீன்களும் அவ்வாறே எல்லை கடந்து வெளியே வரும்; அவற்றின் குஞ்சுகளை நீரோட்டம் இன்னும் தொலைவுக்குக் கொண்டு செல்லும்.

இதனைப் பிலிப்பைன் நாட்டின் சுமிலோன் தீவு மெய்ப்பித்தது. அங்கே 1974இற் பாறையின் ஒரு பகுதி மீன்பிடிக்கு மூடப்பட்டது. 1984இற் காவல் தளர்ந்து, எங்கும் வலை வீசினர். பரப்பு கூடியதால் மீன் கூடியிருக்க வேண்டுமன்றோ? மாறாக, ஈராண்டுக்குள் மொத்தப் பிடிபாடு பாதிக்கும் கீழே இறங்கிற்று. அண்மையிலுள்ள ஆப்போ தீவிலோ, 1982 முதல் மீனவர் தாமே ஒரு பகுதியை ஒதுக்கிக் காவல் செய்து வந்தனர், மீன் பெருகியது.

இங்கே ஒரு நீதிப் பிரச்சினை எழுகின்றது. பாறையை மூடும் நாளிலேயே மீனவன் தன் பிடிபாட்டில் ஒரு பங்கை இழக்கிறான். பலனோ பல ஆண்டுகள் கழித்தே வருகின்றது. இடையிலே அவன் அடுப்பு எரிய வேண்டும். அவனைக் கேளாது வரைபடத்தில் இட்ட கோடு பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடும். சிறு வலைக்காரனை விலக்கிவிட்டு, முருகையைக் காலால் மிதித்து உடைக்கும் உல்லாசப் பிரயாணியைத் தடையின்றி அனுமதித்தால் அக்காவலுக்கு மதிப்பேது? ஆப்போ தீவின் வெற்றிக்கு முதற் காரணம், காவலும் பலனும் ஒரே மக்களிடம் இருந்தமையாகும்.

காவல் எல்லாத் தீங்கையும் தடுத்துவிடும் என்று கூறவியலாது. 1998இற் கடல்நீர் மிகை வெப்பமுற்றபோது முருகை தன் பாசியை இழந்து வெளிறியது. இக்கடுவையிலும் பார் பாறையிலும் பெரும் பகுதி மடிந்தது. சட்டம் வெப்பத்தை விலக்காது. எனினும், பாசி மேயும் மீன்கள் நிறைந்த பாறை, அத்தகைய அடியிலிருந்து மீள்வதற்கு நல்ல வாய்ப்புடையது.

மலைநாட்டவர் செய்யக்கூடியது யாது? கண்டியைச் சூழ்ந்தோடும் மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. நமது சரிவுகளிற் கழுவுண்ட மண்ணில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களிற் படிந்தாலும், எஞ்சியது கடலைச் சேரும். கலங்கிய நீரில் முருகைக்கு ஒளியில்லை. சரிவிலே கல்வரம்பு கட்டி மண்ணைத் தடுக்கும் தோட்டக்காரர் தம் நிலத்தோடு கடலையும் காக்கின்றார். சந்தையிலே வளர்ச்சியடையாத கலவாய்க் குஞ்சை வாங்க மறுக்கும் இல்லத்தரசியும் அக்காவலில் ஒரு பங்கு கொள்கின்றார்.