சுவாசப்பை உயரமுக்க நோயும் தடுப்பூசி பற்றிய ஐயமும்

மருந்தின்மீது நோயாளர் கொள்ளும் ஐயம் அனைத்தையும் அறியாமை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. பசியை அடக்கும் அமினோரெக்ஸ் என்னும் மருந்து 1965இல் சுவிற்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுள் அங்கும் மேற்கு ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் சுவாசப்பை நாடிகளில் அமுக்கம் உயரும் அரிய நோய் பெருகியது. 1968இல் மருந்து விலக்கப்பட்டதும் புதிய நோயாளர் தொகை படிப்படியாகக் குறைந்தது. 1973இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய் குறித்து ஜெனீவாவில் அறிஞரைக் கூட்டியமைக்கு இதுவே காரணமாயிற்று. இத்தகைய வரலாறுடைய நோயினர், ‘தடுப்பூசியும் எமக்குத் தீங்காகுமோ?’ என வினவுவது இயல்பே. அதற்கு விடையிறுத்தல் எமது கடன்.

இதயத்தின் வலக் கீழறை மெல்லிய சுவருடையது. தாழ்ந்த அமுக்கத்துக்கு எதிராகக் குருதியைச் செலுத்தவே இயைந்தது. ஓய்வு நிலையில் சுவாசப்பை நாடியின் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் இரசமாகும். அது 20ஐக் கடப்பின் உயரமுக்கம் என்பர். இவ்வாறு முன்னரே சுமையுற்ற இதயத்தையுடையவரை இன்புளுவென்சாவோ நியூமோனியாவோ தாக்கினால், ஒட்சிசன் குறைந்த சுவாசப்பைப் பகுதிகளில் குருதிக்கலன்கள் மேலும் சுருங்கும். காய்ச்சலோ இதயத்தின் வேலையைக் கூட்டும். இரண்டும் சேர, வலவிதயம் செயலிழக்கக்கூடும்.

செயலிழக்கச் செய்த இன்புளுவென்சாத் தடுப்பூசி சுவாசப்பையில் பெருகுவதில்லை. ஊசியிட்ட இடத்தில் நோவும், ஓரிரு நாள் உடலுளைவும் இலேசான காய்ச்சலுமே பெரும்பாலும் காணப்படும். எனவேதான், ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் அமைப்புக்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, சுவாசப்பை நாடி உயரமுக்கமுடையோர்க்கு இன்புளுவென்சா, நியூமோகொக்கசு, கொவிட்-19 ஆகியவற்றுக்கெதிரான தடுப்பூசிகளைப் பரிந்துரைக்கின்றது.

எனினும் கவனிக்க வேண்டியன சில உள. வார்பரின் போன்ற குருதியுறைவெதிர் மருந்து உட்கொள்வோர்க்கு நுண்ணிய ஊசி கொண்டு ஏற்றி, அவ்விடத்தைத் தேய்க்காது இரு நிமிடமேனும் அழுத்திப் பிடித்தல் வேண்டும். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து பெறுவோர்க்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படும். தடுப்பூசியின் கூறொன்றுக்குக் கடும் ஒவ்வாமை முன்னர் ஏற்பட்டிருப்பின் அதனை மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது. தொடர்ந்து ஏற்றப்படும் நாடிவிரி மருந்தை ஊசியின் பொருட்டு இடைநிறுத்தலாகாது.

அமினோரெக்ஸின் தீங்கை வெளிப்படுத்தியது, மருந்து பெற்றோரைத் தொடர்ந்து நோக்கிய அறிவியல் முறையே. தடுப்பூசியின் நன்மையையும் தீமையையும் நிறுத்துக் காட்டுவதும் அம்முறையே. ஒன்றில் அதனை ஏற்று, மற்றொன்றில் மறுத்தல் அறிவுடைமையாகாது.